தலையாட்டிட்டேன்

சொன்னேன். சொன்னேனா? சொன்னேன், எல்லாம் சொன்னேன், பாண்டீஸ்வரிகிட்டதான் சொன்னேன், நாலாம் கட்டில்காரரு கையில இருக்கற பட்டையத் தொட்டுராதன்னு சொன்னேன், அவளும் தலையாட்டுனா, அப்புறம் என்னத்துக்கு இந்த நெஞ்சு கிடந்து இப்பிடி அடிச்சுக்குது. ட்யூட்டி முடிஞ்சு போச்சு அமலி. வார்டுக் கதவு பின்னால சாத்தியாச்சு. முதல்ல மேல் கையுறைய உருவு, மருந்த ஊத்தித் தேய், அப்புறம் மூஞ்சிக்கு முன்னால தொங்குற பிளாஸ்டிக் மூடி, அப்புறம் ஜிப்பு, எதைத் தொட்டாலும் மறுபடி மருந்து. சுவத்துல படம் போட்டு ஒட்டியிருக்கான், ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. ஒரு வருசமாக் கழட்டுறேன், இன்னும் அந்தப் படத்தப் பாத்துத்தான் கழட்டுறேன். இந்தக் கழட்டுற ரூமுக்கு இருக்கறது ஒரே சட்டம், வந்த கதவு வழியாத் திரும்பிப் போக முடியாது. கையுறைய உருவிட்டா நீ வெளியாளு. உள்ள என்னத்த விட்டுட்டு வந்தியோ அது விட்டதுதான். வேர்வை முதுகுல ஓடி இறங்கி, நடந்தா காலுறைக்குள்ள சளக் சளக்குங்குது. காலையில குடிச்ச காப்பியோட சரி. ஒண்ணுக்குப் போக முடியாதேன்னு தண்ணியும் குடிக்கிறதில்ல. அதான் மண்டை காஞ்சு போயி ஒரே எடத்துல சுத்துது. நாலாம் கட்டில்னு சொன்னேன். வலது கைன்னு சொன்னேனா, இல்ல கைன்னு மட்டும் சொன்னேனா.

அவரு பேரு மொக்கராசு. பரோட்டா மாஸ்டரு. ஆம்புலன்ஸ்ல இருந்து இறக்கும்போதே அதைத்தான் சொன்னாரு, சிஸ்டர் நான் பரோட்டா மாஸ்டரு, பைபாஸ் கடையிலன்னு. அதைச் சொன்னா நாங்க கைய இன்னும் கொஞ்சம் கவனமாப் பாப்போம்னு நினைச்சாரோ என்னமோ. ஊரடங்குல கடையச் சாத்திட்டாங்க. வீட்ல சும்மா உக்கார முடியாம மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போயிருக்காரு, தீவனம் வெட்டுற மெஷின்ல சோளத் தட்டையத் தள்ளும்போது உருளை கையவும் சேத்து இழுத்துருச்சு. பழகாத மெஷினு. முழங்கைக்குக் கீழ நான் பாத்தத இப்ப நினைக்க வேணாம். நினைக்க வேணாம்னு சொல்லும்போதே வந்து நிக்குது. கூட வந்தவங்க துண்டால கட்டியிருந்தாங்க, துண்டு நனைஞ்சு சொட்டுது. மூக்குல குச்சிய விட்டுப் பாத்தா கொரோனாவும் இருக்கு, மனுசனுக்கு ஒரு இருமல்கூட இல்ல. அதனால எங்க வார்டு. அடிபட்டு வந்து அதோட கொரோனாவும் இருக்கறவங்களுக்குன்னே ஒரு வார்டு, இப்பிடி ஒண்ணு வரும்னு யாரு கண்டா. டாக்டர் இளஞ்சேரன் பாத்துட்டு, ஆப்ரேசன் தியேட்டரக் கழுவி மூடியிருக்கு, திறக்க நேரமாகும், அதுவரைக்கும் ரத்தத்த நிறுத்துங்கன்னாரு. இறுக்கிக் கட்டுற ரப்பர் ஸ்டாக் இல்ல. நான்தான் பிரஷர் பாக்குற பட்டைய மேல் கையில சுத்தி, காத்த ஏத்தி, இறங்காம இருக்க குழாயில ஒரு கிளிப்பப் போட்டேன். ரத்தம் நின்னுச்சு. டாக்டர் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனாரு. நல்ல வேலைதான் பண்ணுன, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பாக்கறதுக்கு அது என்னவா இருக்கு? பிரஷர் பாக்குற பட்டையாத்தான இருக்கு, எல்லாக் கட்டில்லயும் தொங்குற அதே நீலப் பட்டை. விவரம் தெரியாத ஒருத்தி பிரஷர் பாக்கலாம்னு கிளிப்ப எடுத்துட்டாள்னா, போத்தியிருக்கற துணிக்கு அடியில ரத்தம் அது பாட்டுக்குப் போகும், ஆளு வெளுத்த பெறகுதான் தெரியும். இல்ல, யாருமே தொடாம அப்பிடியே மறந்துட்டாங்கன்னா, ரெண்டு மணி நேரம் ரத்தம் போகாத கை கையா இருக்காது. எடுத்தாலும் ஆபத்து, எடுக்காட்டாலும் ஆபத்து. அடுத்து வர்றவளுக்கு அது தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். அதுலயும் எங்க வார்டுல பட்டைக்குப் பஞ்சம். ஆறாம் கட்டிலுக்கு வேணும்னு இதைச் சர்ருன்னு உருவிக்கிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும். நானே எத்தனையோ தடவை உருவியிருக்கேன்.

தலையாட்டுனா. அதுதான் உறுத்துது. தலையாட்டுனா கேட்டுச்சுன்னு யாரு சொன்னது. உள்ள யாருக்கு என்ன கேக்குது. காத மூடி உடுப்பு, அதுக்கு மேல மூடியோட பட்டி, வாய்க்கு ரெண்டு மாஸ்க்கு, காத்த வெளிய தள்ளன்னு சன்னல்ல மாட்டியிருக்கற ஃபேனு லாரி மேடேறுற மாதிரி உறுமுது, எல்லாப் பக்கமும் ஆக்சிஜன் உஸ்ஸுங்குது. ஆரம்பத்துல கொஞ்ச நாளு என்ன, என்னன்னு கத்திக் கத்திக் கேட்டோம். அப்புறம் கேக்கறவளுக்கும் சலிச்சுப் போச்சு, சொல்றவளுக்கும் தொண்டை போச்சு. தலைய ஆட்டப் பழகிக்கிட்டோம். டாக்டர் என்னமோ சொல்றாரா, ஆட்டு. கூட்டுற அக்கா என்னமோ கேக்குதா, ஆட்டு. பாதி விஷயம் கண்ணப் பாத்தே புரியும், மீதிய நம்ம புத்தி ரொப்பிக்கும். வீட்டுக்குப் போயி மாசக்கணக்காச்சு, வீடியோ கால்ல என் மவ பேசும்போது நெட்டு விட்டு விட்டு வரும், அவளுக்கும் ஆட்டுவேன். போன வாரம் சொல்றா, நீதான சரின்னு தலையாட்டுன, நான் காலேஜ விட்டு நின்னுட்டேன்னு. எப்பக் கேட்டா, எதுக்கு ஆட்டுனேன், கடவுளுக்குத்தான் வெளிச்சம். மொக்கராசுகூட என்னமோ கேட்டாரு. ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்குன நேரம். ஆக்சிஜன் மூடிக்குள்ள உதடு அசையுது, மூடியில ஆவி பூத்துப் பூத்து அழியுது, கண்ணு என் மூஞ்சிய, மூஞ்சி எங்க தெரியுது, என் பிளாஸ்டிக்க விடாமப் பாக்குது. நான் ஆறாம் கட்டிலப் பாத்துக்கிட்டே ஆட்டுனேன். நல்லாப் பலமா ஆட்டுனேன், தைரியமா இருக்கட்டும்னு. தண்ணி கேட்டுருப்பாரு. இல்ல போன் பேசணும்னு கேட்டுருப்பாரு, அதான் அப்புறமா இடது கையில போன வச்சுப் பேசிக்கிட்டு இருந்தாரே. அதாத்தான் இருக்கும். அதை விடு. பாண்டி ஆட்டுனது கேட்ட ஆட்டா, கேக்காத ஆட்டா, அதைச் சொல்லு.

உடுப்ப உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி, மேல படாம உருட்டி உருட்டி இறக்குறேன். இடது கை உருண்டு வரும்போது பாக்குறேன், முன்கையில என் கிறுக்கல். மார்க்கர் பேனாவுல கட்டில் நம்பரு, பட்டை கட்டுன நேரம். அடிப்பாவி. உள்ள இருந்து ஒரு துண்டுப் பேப்பர் வெளிய வரக் கூடாதுன்னு எல்லாரும் உடுப்பு மேலயே எழுதிக்கிறோம், ஒருத்தி தொடையில, ஒருத்தி கையில. பேர நெஞ்சுல எழுதிக்கிறோம், இல்லாட்டி யாரு எவன்னே தெரியாது, எல்லாரும் வெள்ளைச் சாக்கு. ஆனா இந்த நேரத்த நான் அவரு நெத்தியிலல்ல எழுதியிருக்கணும். கட்டுப் போட்டா நேரத்த ஆளு மேல எழுது, ஆளு எங்க போனாலும் அதுவும் கூடப் போகும், முதல் வருசத்துல படிச்சது. நான் என் மேல எழுதிக்கிட்டு வெளிய நடந்து வந்துட்டேன். இப்ப அது உடுப்போட மஞ்சக் குப்பைப் பைக்குள்ள போயிருச்சு, அந்தப் பைக்குள்ள கைய விடவும் கூடாது. சரி, எழுத்து போனாப் போகுது, வாயால சொன்னேன்ல. நேரத்தச் சொன்னேனா. அப்பா ஞாபகம் வருது, இந்த நேரத்துல அப்பா எதுக்கு. அப்பா பஞ்சு மில்லு. மெஷின் சத்தத்துல காது போயி, வீட்ல எதுக்கெடுத்தாலும் தலையாட்டுவாரு. நர்சிங் படிக்கப் போகட்டுமாப்பான்னு கேட்டதுக்கும் ஆட்டுனாரு. பெட்டியோட கிளம்பி நிக்கிறேன், எங்கத்தா போறன்னு கேக்கறாரு. அம்மா தலையில அடிச்சுக்கிச்சு. ஆனா மில்லுக்குள்ள அந்த மனுசன் வேற. சாப்பாடு குடுக்கப் போகும்போது பாத்துருக்கேன், அங்க பேச்செல்லாம் கையிலதான். ஒருத்தர் கையால ஒண்ணக் காட்டுனா எதிர்ல நிக்கிறவரு அதையே தன் கையால திருப்பிக் காட்டணும். தலையாட்டுனாச் செல்லாது. ஆட்டுனா ஒரு கெட்ட வார்த்தையச் சொல்லி, காட்டுடாம்பாங்க. விரல் போயிரக் கூடிய எடத்துல தலையாட்டி வேலை பாக்க முடியாதுல்ல. எங்க வார்டுலயும் விரல் போற வேலைதான், நாங்க எதுக்கு ஆட்டிக்கிட்டுக் கிடக்குறோம்.

குளிக்கிற ரூம்ல தண்ணி சூடாக் கொட்டுது, மொட்டை மாடித் தொட்டி, மே மாச வெயிலு. மாஸ்க்கு இறுக்குன தடத்துல தண்ணி பட்டா எரியுது. எரியட்டும். குளிச்சுட்டு வேன்ல ஏறி, தங்குற லாட்ஜுக்குப் போயி, ரசம் ஊத்திச் சாப்ட்டுத் தூங்கு. பாண்டி கெட்டிக்காரி, அடிபட்டவங்க வார்டுலயே பழம் தின்னு கொட்டை போட்டவ, சொல்லாமலே அவளுக்குத் தெரியும், பட்டையில கிளிப்பு இருக்கறதப் பாத்தாலே புரிஞ்சுக்குவா. அதை நினைச்சதும் நெஞ்சு கொஞ்சம் இறங்குச்சு. தலைக்கு ஷாம்பு போட்டேன். அப்பத்தான் பக்கத்துத் தடுப்புல இருந்து கொரலு. "யாரு அமலிக்காவா? சோப்பு இருந்தா இப்பிடி மேல வீசுங்கக்கா." பாண்டீஸ்வரி கொரலு. சோப்ப எடுத்து மேல நீட்டிட்டு, நீட்டுன கை நீட்டுனபடி நிக்குது. பாண்டி இங்க எப்பிடி. பாண்டி உள்ளல்ல இருக்கா. நான் இப்பத்தான அவகிட்ட ஒப்படைச்சுட்டு வந்தேன். எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சுருச்சா, இல்ல அவளும் முடிச்சுட்டாளா, நான் எவ்வளவு நேரமா இங்க நின்னுக்கிட்டு இருக்கேன்.

"நீ உள்ள இல்லயாடி?"

"நானா? நான் காலையில இருந்து காய்ச்சல் வார்டுலல்லக்கா நின்னேன். மத்தியானம் உங்க வார்டுன்னு போட்டிருந்தாங்க, அதை மாத்திவிட்டாங்க. அந்தப் புதுப் பொண்ணு, ஹசீனா, அதத்தான் அனுப்புனாங்க. எனக்குன்னு பேரெழுதி எடுத்து வச்ச உடுப்புக் கிட்டைத்தான் அது போட்டுக்கிட்டுப் போச்சு. வேற சைஸ் இல்லாமப் போச்சாம். ஏங்க்கா?"

பேரு. அவ நெஞ்சுல எழுதியிருந்த பேரத்தான் நான் பாத்தேன், ஆளப் பாக்கல. பாண்டின்னு எழுதியிருந்துச்சு, பாண்டின்னு நினைச்சேன், பாண்டிகிட்டச் சொல்ற மாதிரிச் சொன்னேன், ரெண்டு வார்த்தையில, அவளுக்குத்தான் தெரியுமேன்னு. ஹசீனா வந்து ஒரு வாரம்கூட ஆகல. ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி போட்டுக்கிட்டு இருந்த பொண்ணு, பட்டைய இப்பிடிக் கட்டி அது பாத்துருக்காது. பிரஷர் பட்டையப் பாத்தா பிரஷர் பாக்கத்தான் தோணும். பயந்த சுபாவம் வேற, என்னன்னு திருப்பிக் கேக்காது, ஆட்டும், ஆட்டத்தான் ஆட்டும். ஐயோ மாதாவே. பயமா இருக்கு. தலை நிறைய நுரையோட நிக்கிறேன், உள்ள ஒரு மனுசன் ரத்தம் போத்தியிருக்கற துணிக்கு அடியில போகுதோ என்னமோ. "வார்டுக்குப் போனப் போடுடி." பாண்டி போட்டா. தடுப்புக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கிறது எனக்கே கேக்குது. வார்டு போனு அடிக்கும், அடிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள காதடைச்சவளுக்கு எங்க கேக்கும், கேட்டாலும் ரெண்டு கையுறையோட யாரு எடுப்பா. டாக்டருக்குப் போட்டா, தியேட்டர்ல இருக்காரு, போனு வெளிய இருக்கு. புதுக் கிட்டு வாங்கணும்னா ஸ்டோருக்கு ஆள் அனுப்பணும், போட்டு முடிக்கவே நேரமாகும். நுரையக் கழுவுனேனா இல்லையா தெரியல. சுடிதார மாட்டிக்கிட்டு, ஈரத் தலையோட, செருப்பு ஒண்ணு மாறி மாட்டியிருக்கு, பின்பக்கமா ஓடுறேன். அக்கா வேனு அக்கா வேனுன்னு பாண்டி கத்துறா.

வார்டுக்குப் பின்னால ஜெனரேட்டர் ரூமுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அங்கதான் அந்த ஃபேன் வச்ச சன்னலு, பக்கத்துலயே திறக்க முடியாத ஒரு கண்ணாடிச் சன்னலு. ஃபேனு உள்ள இருக்கற காத்தையெல்லாம் என் மூஞ்சியிலயே தள்ளுது. தள்ளட்டும், துப்பட்டாவ வாயில சுத்திக்கிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையா உருவங்க அலையுது, தண்ணித் தொட்டிக்குள்ள பாக்கற மாதிரி. நாலாம் கட்டில் தெரியல, யாரோ மறைச்சுக்கிட்டு நிக்கிறா. செருப்பக் கழட்டிக் கண்ணாடியில தட்டுறேன். தட்டுறேன். ஒரு உருவம் திரும்புது. நெஞ்சுல பாண்டின்னு எழுதியிருக்கு. கிட்ட வருது. மூடிக்குள்ள ரெண்டு பெரிய கண்ணு, ஆமா, பாண்டியோட கண்ணு இல்ல, இதுகூடத் தெரியாம எப்பிடி நின்னேன். பட்டை, பட்டைன்னு கத்துறேன், ஃபேனுதான் கத்துது. நாலு விரலக் காட்டுனேன். என் வலது மேல் கைய இடது கையால இறுக்கிப் புடிச்சு, புடிச்சபடியே, எடுக்காத எடுக்காதன்னு தலையப் பக்கவாட்டுல அசைச்சேன். மணிக்கட்டத் தட்டி, நேரம், நேரம்னேன். ஹசீனா பாத்தா. தலையாட்டுனா.

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. ஆட்டாதடி. ஆட்டாத. அப்பா வாயில வர்ற கெட்ட வார்த்தை என் வாயிலயும் வந்துருச்சு, நல்லவேளை ஃபேனு. விரல அவ பக்கம் நீட்டி, நீ காட்டு, நீ செஞ்சு காட்டுன்னேன். ஒரு நொடி முழிச்சா. அப்புறம் மெதுவா, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நாலு விரலக் காட்டுனா. தன்னோட வலது மேல் கைய இறுக்கிப் புடிச்சா. தலைய ஆட்டல, கையுறை போட்ட விரல இல்ல இல்லன்னு அசைச்சா. அப்புறம் நான் காட்டாத ஒண்ணக் காட்டுனா, தன் நெத்தியில விரல வச்சு எழுதுற மாதிரி இழுத்துட்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்னா. நாலாம் கட்டில் தெரிஞ்சுச்சு. மொக்கராசு நெத்தியில கறுப்பா, பெருசா, நேரம். நான் சொல்லியிருக்கேன். நேரத்தையும் சேத்துச் சொல்லியிருக்கேன். அவளுக்குக் கேட்டிருக்கு, எழுதியும் வச்சிருக்கா. காம்பவுண்டு சுவத்துல சாஞ்சேன். இந்தப் பொண்ணப் போயி பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேனே. சிரிப்பு வந்துச்சு. அவ இன்னும் போகல, கண்ணாடிகிட்டயே நிக்கிறா, இன்னும் என்னமோ காட்டணும்ங்கற மாதிரி. டாக்டர் வந்துட்டுப் போனாருன்னு கழுத்துல குழாய் மாட்டுற மாதிரிக் காட்டுனா. அப்புறம் இடது கைய விறைப்பா நீட்டி, அதோட ஓரத்த வலது கையில, முழங்கைக்குக் கீழ வச்சு, ஒரே இழுப்பா இழுத்தா.

கைய எடுக்கப் போறாங்க. பட்டையால இல்ல. பட்டை கட்டுறதுக்கு முன்னாலயே, அந்த உருளைக்குள்ளயே கை போயிருச்சு. அதை நான் காலையிலயே பாத்தேன், பாத்துட்டு நினைக்க வேணாம்னு மடிச்சு வச்சுட்டேன். கை போனாலும் ஆளு பிழைச்சுக்குவாரு, லேட்டாக்குனாத்தான் விஷம் உடம்புல ஏறும். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா என் தப்பு இல்லங்கறது ஒரு நிம்மதி, நிம்மதியா இருக்கறதே வெக்கமா இருக்கு. ஒரு செருப்ப மாட்டி, இன்னொண்ணக் கையில வச்சுக்கிட்டு சந்துல இருந்து முன்பக்கம் வர்றேன். கேட்டுக்கிட்ட வேனு நிக்குது, வேப்ப மரத்தடியில நோயாளிங்க வீட்டு ஆளுங்க துண்ட விரிச்சு உக்காந்துருக்காங்க. "அமலிக்கா, சீக்கிரம் வாங்க, டிரைவர் திட்டுறாரு," ன்னு பாண்டி சத்தம் போட்டா. மரத்தடியில இருந்து ஒரு பொம்பள சடக்குன்னு எந்திரிச்சா. பச்சைச் சேலை, மாஸ்க்கு தாடையில தொங்குது. ஓடி வந்தவ நாலடி தள்ளி நின்னுக்கிட்டா, தொடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு.

"அமலின்னா நீங்கதானா சிஸ்டர்? நாலாம் கட்டில்ல இருக்காருல்ல, மொக்கராசு, அவரு சம்சாரம் நானு. அவரு போன்ல சொன்னாரு. கை பொழச்சுக்குமா, மறுபடி பரோட்டா வீசலாமான்னு கேட்டாராம், நெஞ்சுல அமலின்னு எழுதியிருந்த நர்சம்மா நல்லாத் தலையாட்டிருச்சுடி, அழுகாதன்னு சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்."

தண்ணி இல்ல. போன் இல்ல. அதைத்தான் கேட்டிருக்காரு. நான் ஆறாம் கட்டிலப் பாத்துக்கிட்டு, பலமா, தைரியமா இருக்கட்டும்னு. இவ்வளவு நேரமா பாண்டி ஆட்டுனது என்ன ஆட்டு, ஹசீனா ஆட்டுனது என்ன ஆட்டுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தேன், நான் ஆட்டுன ஆட்ட விட்டுட்டேன். கேட்டுக்கிட்ட இருந்து வாட்ச்மேன் கூப்பிடுறாரு, நாலாம் கட்டில் மொக்கராசு சொந்தக்காரங்க யாரு, ஆப்ரேசனுக்குக் கையெழுத்துப் போட வாங்கன்னு. அவ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. "நான் போட மாட்டேன் சிஸ்டர். கைய எடுக்கணும்னு கேப்பாங்க, கேட்டாப் போட்டுறாதன்னு சொல்லிட்டாரு. அதான் நர்சம்மாவே சொல்லிருச்சேன்னாரு. உள்ளதுதான சிஸ்டர்? கை பொழச்சுக்கும்ல?" எனக்கு நல்லாவே கேட்டுச்சு. இங்க ஃபேனு இல்ல, மாஸ்க்கு இல்ல, காத மூடுற ஒண்ணும் இல்ல. கழுத்து பழக்கத்துல கொஞ்சம் அசையப் பாத்துச்சு, புடிச்சு நிறுத்துனேன்.

"அவரு கேட்டது எனக்குக் கேக்கலம்மா. உள்ள எங்களுக்கு எதுவுமே கேக்காது. கேக்காமத்தான் தலையாட்டிட்டேன். கை இல்லம்மா, காலையிலயே இல்ல. நீ இப்பக் கையெழுத்துப் போட்டாத்தான் ஆளு உனக்குக் கிடைப்பாரு. லேட்டாக்காத."

அவ என்னயே பாத்தா. வேன்காரரு ஹாரன் அடிச்சாரு. அவ தலையாட்டுனா, மெல்ல, கோவிச்சுக்காம, பெரியவங்க ஏதோ சொன்னா ஆட்டுற மாதிரி. அந்த ஆட்டு எனக்குத் தெரியும். இதை நம்பி வேன்ல ஏறுனா அவ மறுபடி மரத்தடியிலதான் போயி உக்காருவா.

"ஆட்டாதம்மா," ன்னேன். "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

அவ இடது கையத் தூக்கி, தன்னோட வலது கைய, வளையலுக்கு மேல, முழங்கைக்குக் கீழ, இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, வாட்ச்மேன் நின்ன பக்கம் நடந்தா.